ஏழு வருஷம் பேச்சில்லாதவள்

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிஷம்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் அம்பத்தூருக்கு ஒரு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கினேன். மூன்றணா. வேப்பேரியிலிருந்து நடந்தே வந்ததில் சட்டை அப்போதே நனைந்து போயிருந்தது. கையில் ஒரு குடை, ஒரு நோட்டுப் புஸ்தகம், இரண்டு பென்சில், வாழை இலையில் கட்டிய நாலு இட்லி. காற்று வாங்கவோ கோபுரம் பார்க்கவோ நான் புறப்படவில்லை. ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப் புறப்பட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு வக்கீலிடம் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் அவன் சொல்வது நிற்குமா விழுமா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மூன்று தலைமுறையாக நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். எங்கள் கோயிலுக்கு நான்தான் காரியதரிசி. எங்கள் குருவை நாங்கள் ஐயர் என்று சொல்வது வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்த ஐயர் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். வானகரத்துக்கு மேற்கே, கூவம் ஆற்றங்கரையில், வயல் வேலை செய்கிறவர்களுடைய குடியிருப்பு ஒன்றில் பள்ளிக்கூடம் நடத்தும் உபதேசியார் ஞானமுத்து எழுதியது. அதில் ஒரு வரியின் கீழ் ஐயர் சிவப்பு மசியால் கோடு போட்டிருந்தார்.

"ஏழு வருடமாகப் பேச்சில்லாதிருந்த குப்பம்மாள் என்னும் ஸ்திரீ, சென்ற மாதம் ஜெபவேளையில் கர்த்தருடைய கிருபையால் வாய்திறந்து பேசினாள்."

"ஏழு வருஷத்து ஊமை!" என்றார் ஐயர். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "நம்ம சபைப் பத்திரிகையில போடப்போறேன். நீங்க ஒரு நடை போய் விசாரிச்சு, மெய்தான்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நீங்க விசாரிச்சதுன்னா ஒருத்தரும் மூச்சு விடமாட்டாங்க."

அன்றைக்குப் பிரசங்கத்திலேயே அதைச் சொல்லியும் விட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவர் என்னைப் பொறுக்கி எடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி எஸ்தர் விஷ ஜுரத்தில் கிடந்தாள். இருபத்தொரு நாள் சபை முழுவதும் அவளுக்காக ஜெபம் பண்ணியது. இருபத்திரண்டாம் நாள் போய்விட்டாள். அதிலிருந்து நான் கோயிலுக்குப் போகிறேன், காரியதரிசி வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான். நற்கருணை எடுப்பதில்லை. விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உதட்டை மட்டும் அசைப்பேன். நற்கருணை எடுக்காதது ஐயருக்குத் தெரியும். இந்த அற்புதத்தை நேரில் பார்த்தால் ஆள் சரியாகிவிடுவான் என்று அவருக்கு எண்ணம்.

நான் வேறொன்று தீர்மானித்திருந்தேன். இது பொய்யென்று தெரிந்தால் கையெழுத்தும் கிடையாது, காரியதரிசி வேலையும் கிடையாது. அந்தக் கோயில் வாசப்படியை இனி மிதிப்பதில்லை. மெய்யாக இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ ஒருத்தியின் நாக்குக்கு இரங்கத் தெரிந்தவருக்கு என் எஸ்தருக்கு இரங்கத் தெரியவில்லையா? எப்படியானாலும் சரி, சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும்.

ஆறு மணி ஐம்பது நிமிஷம்.

வண்டி புறப்பட்டது. எதிர்ப் பலகையில் கொத்தவால்சாவடியில் காய்கறி போட்டுவிட்டு வெறுங்கூடைகளோடு திரும்பும் ஒருவர். பெரம்பூர் தாண்டும் வரையில் புதிதாக வந்த காங்கிரஸ் மந்திரிசபை கள்ளுக்கடையை மூடுமா மூடாதா என்று பேசிக்கொண்டு வந்தார். வில்லிவாக்கத்தில் என்னைப் பார்த்து, "சாரு எங்க போறாப்ல?" என்றார். வானகரத்துப் பக்கம் என்றேன்.

"அடடே! ஊமச்சி ஒருத்தி பேசிட்டாளாமே, அந்த ஊருக்கா? பதினாலு வருசமா பேச்சே இல்லியாம் சார்!"

"யார் சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்கோ."

'எல்லாரும்' என்ற பெயரில் ஒரு சாட்சியையும் நான் கூண்டில் ஏற்றியதில்லை. நோட்டுப் புஸ்தகத்தில் 'வில்லிவாக்கம், பதினாலு வருஷம்' என்று குறித்துக்கொண்டேன். ஐந்து மைலில் ஏழு வருஷம் இரட்டித்துவிட்டது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

ஏழரை மணி.

அம்பத்தூர். சென்னையிலிருந்து ஒன்பது மைல். ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் மூன்று ஜட்கா நின்றது. மூன்றிலும் நோஞ்சான் அல்லாத குதிரை ஒன்றுதான். அதை வைத்திருந்தவர் மஸ்தான் பாய். கூவம் கரை வரைக்கும் நாலு மைல், எட்டணா என்றார். ஆறணாவுக்கு இறங்கினார்.

வைக்கோல் மேல் சாக்கு விரித்து என்னை உட்கார வைத்துவிட்டு, "எதுக்கு சார் அந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அக்காங். பொறவியிலேர்ந்தே ஊமையாம் சார் அந்தப் பொம்பள. அல்லா கருணை வச்சா இன்னா வேணா நடக்கும்."

"நீங்க பாத்தீங்களா பாய்?"

"நான் எங்க பாத்தேன்? சவாரி பாத்தேன். முந்தாநேத்து உங்க ஆளுங்க ரெண்டு பேரு வந்தாங்கோ. கரையில எறக்கிவுட்டு வந்துட்டேன்."

'அம்பத்தூர், பிறவி ஊமை' என்று எழுதிக்கொண்டேன்.

ஊரை விட்டதும் வலது கைப்பக்கம் ஏரி. ஆடி மாதமாகையால் நடுவில் மட்டும் தண்ணீர். ஓரமெல்லாம் வெடித்த களிமண், அதில் எருமைகள். ரோடு என்று சொல்வது மரியாதைக்காக. சக்கரம் போன தடத்தில் சக்கரம் போகிறது. அயனம்பாக்கம் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் மஞ்சள் புடவைக் கூட்டம் ஒன்று நடந்து போயிற்று. தலையில் கூழ்ப்பானை, பானையைச் சுற்றி வேப்பிலை. ஆடி வெள்ளி, திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்கு. ஒருத்தி இடுப்பில் அம்மை வார்த்துத் தேறின குழந்தை. முகத்தில் பொருக்கு இன்னும் உதிரவில்லை. பாய் வண்டியை ஓரம் கட்டி அவர்களுக்கு வழி விட்டார்.

அந்தக் குழந்தையின் தாயைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவளிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை. குழந்தை பிழைத்தது, அவள் கூழ் ஊற்றப் போகிறாள். பிழைக்காமல் போயிருந்தாலும் ஒருவேளை போயிருப்பாள். என்னால் அப்படி இருக்க முடியாது. இருபத்திரண்டு வருஷத் தொழில் ஒரு காரணம். ஆனால் எஸ்தர் உயிரோடு இருந்த வரையில் நானும் எதையும் கேட்டவனில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒன்பதேகால் மணி.

கூவம். மணலின் நடுவே கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. பட்டணத்தில் எங்கள் பக்கம் ஓடுவதும் இதே ஆறுதான் என்றால் இங்கே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தேன். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "பேசாமலிருந்து பேசின குப்பம்மா வீடு எது?" என்று கேட்டேன்.

"அவளா?" என்று சிரித்தாள். "அந்த எலந்த மரத்தாண்ட போங்க. சத்தம் கேக்கும்."

கேட்டது. முப்பது குடிசைக்கு நடுவில் ஒரு பெண்குரல், வரப்பில் ஆட்டை விட்டவன் யாரென்று கேட்டு, அவன் பரம்பரையையே இழுத்துக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் சும்மா கிடந்த நாக்கு இப்படிச் சுழலுமா? சுழலாது. சந்தேகமே வேண்டாம் என்று எனக்குள் ஒரு சிரிப்பு.

பள்ளிக்கூடம் ஒரு ஓலைக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் கோயில். உபதேசியார் ஞானமுத்து ஓடிவந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒடிசலான மனிதர். நான் இன்னாரென்று சொன்னதும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, முக்காலியைத் துடைத்துப் போட்டு, குப்பம்மாளைக் கூட்டிவந்தார். சத்தம் போட்டுக்கொண்டிருந்தவளேதான். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை சேறு. அவளோடு இன்னொரு பெண்ணும் வந்து வாசலில் குந்தினாள். அவளைப் பற்றி நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

"கும்புடறேன் சாமி" என்றாள் குப்பம்மாள்.

"சாமியெல்லாம் வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பேச்சு நின்னு எத்தனை வருஷம்?"

"வர்ற தையி வந்தா எட்டு வருசம் ஆயிருக்கும்ங்க ஐயா."

"எப்படி நின்னது?"

"பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கி நின்னுச்சு."

கோர்ட்டில் ஏற்பட்ட அதிர்ச்சி என்று எழுதினேன். அப்படியும் நடப்பதுண்டு.

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"யார?"

"உங்களைத்தான்."

"எனக்கு இன்னா? கல்லு மாரி கீறேன்."

"சரி, ஏதாவது வேணும்னா எப்படிக் கேப்பீங்க? சைகை காட்டுவீங்களா?"

"அவகிட்ட நான் ஏன் கேக்கப் போறேன்? செத்தாலும் கேக்க மாட்டேன்."

பென்சில் நின்றது. "அவகிட்டன்னா? யார்கிட்ட?"

"தோ, இவகிட்டத்தான்." வாசலில் குந்தியிருந்தவளைக் கையால் காட்டினாள். "என் கொழுந்தன் பொண்டாட்டி, முனியம்மா. இவகிட்டத்தானே ஏழு வருசமா பேச்சில்ல!"

"மத்தவங்களோட?"

"மத்தவங்களோட இன்னா?" என்று அவள் விழித்தாள்.

வாசலில் இருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இவ வாய மூடிக்கினு இருந்த நாளு ஏது சாமி? ஊரே காதப் பொத்திக்கும்."

அட கர்த்தரே! இதை எப்படித் தவறவிட்டோம்? அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை, மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சில்லை என்று நாம் நம் வீடுகளில் தினம் சொல்கிற வார்த்தை. குடிசைக்காரப் பெண்ணைப் பற்றி, அதுவும் உபதேசியார் எழுதிய கடிதத்தில் படித்தவுடன், ஐயருக்கும் எனக்கும் ஊமை என்பதைத் தவிர வேறு அர்த்தம் தோன்றவில்லை. சபையில் இருநூறு பேர் எழுந்து நின்று, ஊமை பேசியதற்காக ஸ்தோத்திரம் பாடினோம். இங்கே ஊமையே கிடையாது. உபதேசியார் எழுதினதில் ஓர் எழுத்துப் பொய்யில்லை.

உபதேசியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஊமைன்னு நான் எழுதலையே ஐயா!"

"எழுதலை. நாங்கதான் அப்படிப் படிச்சோம்."

"முந்தாநாள் வந்த ரெண்டு பேரும் இவளைப் பாத்துட்டு அழுதுகிட்டே போனாங்க. எதுக்கு அழறாங்கன்னு எனக்குப் புரியலை." முக்காலியின் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதைச் சொன்னா கோயில்ல சிரிப்பாங்க ஐயா. இனிமே நான் எது எழுதினாலும் சிரிப்பாங்க. பேசினது மெய்தானே? அப்படியே விட்டுட்டா என்ன?"

"விட முடியாது" என்றேன். "இன்னும் எத்தனை பேர் ஊமைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இந்த ஆத்தைத் தாண்டி வரணும்? வந்து ஏமாந்து திரும்பணும்? நான் சொல்லத்தான் போறேன்."

பத்தரை மணி.

வேலை முடிந்தது. எழுந்து போயிருக்கலாம். ஜெயித்த கேஸில் வருகிற சந்தோஷம் மட்டும் வரவில்லை. ஊமை பேசியிருக்கக் கூடாதா என்று ஒரு மூலையில் எனக்கு ஏக்கம் இருந்திருக்கிறது. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்த எரிச்சலில்தான் விசாரணையை விடாமல் நடத்தினேன். என் தொழில் வழக்கப்படி ஒருத்தியை வெளியே அனுப்பிவிட்டு மற்றவளைக் கேட்டேன்.

முதலில் முனியம்மாள். குப்பம்மாளின் புருஷன் மிராசுதாரின் களத்திலிருந்து ராத்திரியில் இரண்டு மரக்கால் நெல் எடுத்துவிட்டான். பழி இன்னொரு கூலியாள் மேல் விழுந்தது. அவனைக் கட்டிவைத்து அடித்தார்கள். எடுத்ததை முனியம்மாள் பார்த்திருந்தாள். பூந்தமல்லி கோர்ட்டில் கூண்டில் ஏறி, எடுத்தது என் மச்சாண்டார்தான் என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு மூன்று மாதம் தண்டனை. வெளியே வந்த மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டான்.

"ஏம்மா சொன்னே? சொந்த மச்சாண்டார் ஆச்சே?"

"அந்த ஆளு முதுவப் பாத்தேன் சாமி. தோலு உரிஞ்சி தொங்குது. அப்பறம் எப்டி சும்மா கெடக்கறது?"

அவளை அனுப்பிவிட்டுக் குப்பம்மாளைக் கூப்பிட்டேன்.

"முனியம்மா கோர்ட்டுல சொன்னது பொய்யா?"

"மெய்தான்."

"மெய்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். அந்த நெல்ல குத்தி ஆக்குனதே நான்தானே. மெய்யா கீறதாலதான் கோவம். பொய் சொல்லியிருந்தா நாலு நாள்ல சண்ட போட்டு மறந்து பூடுவேன்."

நோட்டில் எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு குடிசைக்கும் நடுவில் ஒரே மண்சுவர். ஏழு வருஷம், கோழியைத் திட்டுகிற சாக்கில் அவளைத் திட்டியிருக்கிறாள். புருஷன் செத்த அன்று முனியம்மாள் வந்து வாசலில் நின்று அழுதாள். இவள் கதவைச் சாத்திவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் உபதேசியார் வந்து, சாயங்காலங்களில் கொட்டகையில் ஜெபம் சொல்லிக்கொடுத்தார். இருவரும் வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். பரமண்டல ஜெபத்தில், நாங்கள் பிறரை மன்னிக்கிறதுபோல எங்களை மன்னியும் என்று கேட்கிற இடம் ஒன்று உண்டு. அது வரும்போதெல்லாம் குப்பம்மாள் வாயை மூடிக்கொள்வாளாம்.

"எதுக்கு மூடிக்கிட்டீங்க?"

"நான்தான் மன்னிக்கலியே. சாமியாண்ட போயி எப்டிப் பொய் சொல்றது?"

"மத்தவங்க சொல்றப்ப வாயை அசைச்சிருக்கலாமே?"

"வாய மட்டும் ஆட்றது எதுக்குய்யா? அவருக்குத் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் நான் செய்துவந்தது அதுதான். கோயிலில் யாருக்கும் தெரியாமல் சாமர்த்தியமாக நடந்துகொள்கிறோம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அன்னிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. எப்பவும் போல எல்லாரும் சொல்லிகினு வந்தாங்கோ. அந்த எடம் வந்துச்சு. சொல்லிட்டேன். சொன்னப்பறந்தான் சொன்னேன்னே தெரியுது. திரும்பி அவளப் பாத்தேன். ஏழு வருசமா நான் அவ மூஞ்சிய நேரா பாக்கல. எலும்பா கீறா. 'இன்னாடி இப்டி எளைச்சிப் பூட்டே'ன்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். அப்பறம் ரெண்டு பேரும் அழுதோம். கொட்டாயே அழுதுச்சு. உபதேசியாரு பொஸ்தகத்த கீழ போட்டுட்டாரு."

மறுபடியும் முனியம்மாளைக் கூப்பிட்டு, அன்றைக்குக் குப்பம்மாள் சொன்ன முதல் வார்த்தை என்னவென்று கேட்டேன். "'எளைச்சிப் பூட்டியேடி பாவி'ன்னா" என்றாள். குப்பம்மாளின் வாக்குமூலத்தில் பாவி இல்லை. அந்த ஒரு வித்தியாசம்தான். சொல்லிவைத்த மாதிரி ஒன்றாக ஒப்பித்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். இவர்கள் இருவரும் நல்ல சாட்சிகள். என் வக்கீல் பார்த்திருந்தால் இவர்களுக்காகவே ஒரு கேஸ் எடுத்திருப்பார்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். கேட்டபோது என் குரலில் கடுகடுப்பு இருந்தது.

"அதைக் கடவுள் பண்ணினார்னு எப்படிச் சொல்றீங்க? நீங்களே பண்ணியிருக்கலாமே?"

குப்பம்மாள் யோசித்தாள். சும்மா பேச்சுக்கு அல்ல, நிஜமாகவே யோசித்தாள்.

"யாரு பண்ணாங்கன்னு எனக்கு இன்னாய்யா தெரியும்? நான் பண்ணல. அது மட்டும் தெரியும். என்னால ஆவற காரியம்னா ஏழு வருசம் ஆவுமா?"

நோட்டுப் புஸ்தகத்தை மூடிப் பென்சிலை அதற்குள் செருகினேன்.

பதினொன்றரை மணி.

கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொடுத்தார்கள். குடித்துவிட்டு என் இட்லியை உபதேசியாருக்குக் கொடுத்தேன். ஆடிக் காற்று கொட்டகை ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. புறப்படும்போது குப்பம்மாள் வயல் வரப்பு வரைக்கும் கூட வந்தாள்.

"இத்தினி குடாய்ஞ்சி குடாய்ஞ்சி கேட்டியே ஐயா, உங்க ஊட்ல யாரோடயாவது பேச்சில்லியா?"

"வீட்டில் யாருமில்லை" என்றேன்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கோர்ட்டுக் கூண்டில் யாராவது அப்படிப் பதில் சொல்லியிருந்தால் நான் அங்கேயே பிடித்திருப்பேன். சொன்னது மெய், கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

மத்தியானம் இரண்டு மணி.

பூந்தமல்லி. வானகரத்திலிருந்து பெரிய ரோட்டோடு நாலு மைல், நடந்தே வந்தேன். பஸ் வந்தது. கையைக் காட்டாமல் விட்டுவிட்டேன். நடந்தால் கோபம் தணியும் என்று பார்த்தேன், தணியவில்லை. இரண்டு பக்கமும் மல்லிகைத் தோட்டம். வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் உண்டு. பழைய ரிஜிஸ்தரைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. குப்பம்மாள் புருஷன் பெயர், இரண்டு மரக்கால் நெல், மூன்று மாதம், ஐந்தாம் சாட்சி முனியம்மாள். எல்லாம் சரியாக இருந்தது.

நாலு மணி.

பட்டணம் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பதினாலு மைல், நாலணா. பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பூ வியாபாரி. வண்டி குலுங்கின குலுக்கலில் முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு ஐயருக்கு எழுத வேண்டியதை எழுதினேன்.

'குப்பம்மாள் ஊமையல்ல. என்றும் ஊமையாக இருந்ததில்லை. உபதேசியார் பொய் எழுதவில்லை, நாம் தப்பாகப் படித்தோம். கோர்ட்டில் தன் புருஷனைப் பற்றி மெய் சொன்ன ஒருத்தியோடு ஏழு வருஷம் பேசாமலிருந்தாள், இப்போது பேசுகிறாள். இரண்டு பேரையும் தனித்தனியே விசாரித்தேன், கோர்ட்டு ரிஜிஸ்தரையும் பார்த்தேன். இது அற்புதமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தான் செய்யவில்லை என்று அவள் சொல்கிறாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல.'

கீழே கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து இதைச் சபையில் வாசிப்பேன். ஐயருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பொய்யென்றால் வாசப்படி மிதிப்பதில்லை என்று காலையில் சபதம் செய்தேன். ஆனால் இதில் பொய் சொன்னவர் யார்? தேடித்தேடிப் பார்த்தாலும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்த காரியதரிசி ஒருவன்தான் அகப்படுகிறான். இனி அந்த உதட்டசைப்பு வேண்டாம். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எனக்குச் சொல்ல முடியாத இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கப்போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்தால் பார்க்கட்டும்.

ஐந்து மணி.

கோயம்பேடு தாண்டியது. அமைந்தகரை வந்தால் புகையும் சாக்கடை நாற்றமும் ஆரம்பமாகிவிடும். காலையில் மணலில் பார்த்த தண்ணீர் பாலத்துக்கடியில் கறுப்பாகக் கிடக்கும். அங்கிருந்து வேப்பேரி, பூட்டின வீடு.

வீட்டில் யாருமில்லைதான். ஆனால் அந்த மனுஷி கேட்டது வேறு. இருபத்தொரு நாள் நானும்தான் முழங்காலில் நின்றேன். சபையைவிட அதிகமாகவே கேட்டேன். இருபத்திரண்டாம் நாளிலிருந்து கர்த்தரோடு எனக்குப் பேச்சில்லை. அவர் இல்லை என்று நிரூபித்துவிட்டால் பேசாமலிருப்பது சுலபம் என்று இத்தனை தூரம் ரயிலும் ஜட்காவும் பஸ்ஸும் ஏறி அலைந்திருக்கிறேன். இல்லாதவர் மேல் இவ்வளவு கோபம் யாருக்கு வரும்? இருக்கிறார் என்பதற்கு இது சாட்சியாகாது. எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

அன்பாக ஒன்றும் வரவில்லை. ஜெபம் மாதிரியும் வரவில்லை.

"ஏன் அவளை எடுத்துக்கொண்டீர்?"

எனக்கே தூக்கிவாரிப்போடும்படி உரக்க வந்துவிட்டது. முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். பூ வியாபாரி பதறிப்போய்க் கூடையை அணைத்துக்கொண்டார்.

"இன்னா சார்? என்னியா கேட்டே? நான் ஒண்ணியும் எடுக்கல சார்!"

"உன்னை இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்டேன்.